பன்னிரண்டாயிரத்து எண்ணூறில் எடுத்த முகம்

ஒரு மனிதரின் முகத்தில் இருந்த தழும்புகளை நான் அழித்தேன். புகைப்படத்தில்தான். ஆனால் அவர் கண்ணைத் திறந்து வைத்திருந்த படம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அதனால் 'படத்தில்தானே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்துவிட முடியவில்லை. அவருடைய மனைவி நேரில் கேட்டபோது ஒரு பொய்யும் சொன்னேன். எழுபத்திரண்டு வயதில் அதையெல்லாம் மறைத்து வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தவன். ஓய்வு பெற்ற அன்று மகள் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிக் கொடுத்தாள். பொழுதுபோக்காகத் தொடங்கியது, இரண்டே வருடத்தில் மாதம் ஒரு ஞாயிறு சேலத்துக்குப் பேருந்து ஏறிப் புகைப்படக் குழுவின் கூட்டத்துக்குப் போகிற அளவுக்கு வளர்ந்தது. முப்பது வருடம் பிறர் தாளைத் திருத்தியவன், அங்கே என் படத்துக்கு மதிப்பெண் வாங்க உட்கார்ந்திருந்தேன்.

ஒரு கூட்டத்துக்கு மேச்சேரி ஆடுகளின் படம் ஒன்றைக் கொண்டுபோனேன். மேகம் மூடிய காலையில், சந்தையில் எடுத்தது. வெளிச்சம் போதாததால் ஐ.எஸ்.ஓ. எண்ணை மிகவும் ஏற்றியிருந்தேன். கேமரா தனக்குக் கிடைத்த வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்று நாம் சொல்கிற எண் அது. தூரத்து வானொலி நிலையத்தைப் பிடித்துச் சத்தத்தைக் கூட்டினால் பாட்டோடு கரகரப்பும் கூடுமே, அதே கணக்குத்தான். படத்தில் அந்தக் கரகரப்பு புள்ளி புள்ளியாக விழும். பச்சையும் சிவப்புமாக, நிழலான இடங்களில் அதிகமாக. நாய்ஸ் என்பார்கள். அன்றைக்கு நடுவராக வந்தவர் என் ஆடுகளைப் பார்த்துவிட்டு, "ஆட்டு மேல யாரோ மணலை அள்ளிக் கொட்டிட்டாங்க போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேருந்தில் திரும்பி வரும்போது மல்லூர் தாண்டும் வரை எனக்கு முகம் சுட்டுக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு நாய்ஸ் என்றாலே எனக்கு ஆகாது. கணினியில் படத்தை முழு அளவுக்குப் பெருக்கி, மூலை மூலையாகப் பார்ப்பேன். புள்ளி தெரிந்தால் அதை மழுக்கும் மென்பொருளை ஓட்டுவேன். எங்கள் பள்ளியில் விடைத்தாளில் ஓர் அடித்தல் இருந்தால்கூட மாணவனை மறுபடி எழுதச் சொல்வேன். அந்தக் குணம்தான் இங்கேயும் வந்து உட்கார்ந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் தினமும் காலையில் நடந்துவிட்டு ஒரு லாரி பாடி கட்டும் பட்டறைக்கு எதிரே இருந்த கடையில் டீ குடிப்பேன். அந்தப் பட்டறையின் வெல்டர்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர் எனக்கு அங்கே பழக்கமானார். அறுபதை நெருங்கியவர். வலது கன்னம், காது, கழுத்து எல்லாம் சின்னச் சின்னத் தழும்புகள். வெல்டிங் பொறி தெறித்தவை. ஐந்தாறு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறோம். மழை பற்றி, முட்டை விலை பற்றி, என் சர்க்கரை பற்றிப் பேசுவோம். அவர் என்னை வாத்தியாரே என்பார்.

ஒருநாள் என் தோளில் தொங்கிய கேமராவைக் காட்டிக் கேட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, ஆட்டை எடுக்கறீங்க, கோழிய எடுக்கறீங்க. மனுசனையெல்லாம் எடுக்க மாட்டீங்களா?"

"உங்களை எடுக்கணுமா மேஸ்திரி?"

"எனக்கு எதுக்குங்க, நாந்தான் கண்ணாடில பாத்துக்கறனே. எங்கூட்டுல கேக்கறாளுங்க. கண்ணாலப் போட்டோவுல இருந்து ஆதார் கார்டு வரைக்கும் ஒண்ணுல கூட நான் ஒழுங்கா முழிக்கலையாமா. தூங்குமூஞ்சியோடவே முப்பத்தஞ்சு வருசம் குடித்தனம் பண்ணியாச்சுங்கறா."

டீக்கடைக்காரர் உள்ளிருந்து குரல் கொடுத்தார். "நெசந்தானுங்களே. டீ குடிக்கற நேரத்துல மட்டுந்தான் மேஸ்திரி முழிச்சிருப்பாரு."

"உன்ற டீயக் குடிச்சா முழிச்சிருக்கறவனுக்கும் தூக்கம் வரும்யா" என்றார் மேஸ்திரி. பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பளிச்சு மட்டும் வேண்டாஞ் சாமி. நாளெல்லாம் ஆர்க் வெளிச்சத்தப் பாத்த கண்ணு. பளிச்சுன்னு ஒண்ணு வந்தாத் தானா மூடிக்குது. ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்றதுக்குள்ள மூடிக்குது. மனசு முழிக்கச் சொல்லுது, கண்ணு கேக்க மாட்டீங்குது."

கேட்டது இவ்வளவுதான். கண் திறந்த ஒரு படம்.

வெயிலில் நிற்க வைத்துப் பார்த்தேன். கண்ணை இடுக்கினார். மர நிழலிலும் அப்படியே. கடைசியில் பட்டறைக்குள், பாதி கட்டி முடித்திருந்த ஒரு மூடிய லாரி பாடிக்குள் ஏறினோம். நான்கு பக்கமும் தகடு அடைத்த, ஓர் அறை போன்ற இடம். பின்கதவுக்கான திறப்பு வழியாக மட்டும் வெளிச்சம் வந்தது. கவிழ்த்து வைத்த ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் அவரை உட்கார வைத்தேன். சற்று நேரத்தில் அவர் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. கண்கள் மெதுவாக முழுதும் திறந்தன. இத்தனை வருடப் பழக்கத்தில் அன்றைக்குத்தான் அவர் கண்ணின் நிறத்தைப் பார்த்தேன். காய்ச்சிய வெல்லப்பாகின் நிறம்.

கேமரா வெளிச்சம் போதாது என்றது. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொண்டே போனேன். ஆறாயிரத்து நானூறு போதவில்லை. பன்னிரண்டாயிரத்து எண்ணூறு வைத்தபோதுதான் கை நடுக்கம் படத்தில் தெரியாத ஷட்டர் வேகம் கிடைத்தது. அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்குள் ஒரு சலிப்பு வந்தது. மணல் கொட்டப்போகிறது என்று நினைத்தேன்.

வெல்டர்கள் வேலையை விட்டுவிட்டுத் திறப்பில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"மேஸ்திரி, கொஞ்சம் சிரிங்க. டோல்கேட்ல நிக்கற மாதிரி இருக்கறீங்க."

"வெளிச்சத்த மறைக்காதீங்கடா. வாத்தியாரு முட்டி போட வெச்சிருவாரு."

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்போது எடுத்ததுதான் அந்தப் படம். மொத்தம் நாற்பது படம் எடுத்தேன். நாற்பதிலும் கண்கள் திறந்திருந்தன.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டு, வழக்கம்போல முழு அளவுக்குப் பெருக்கினேன். கன்னம் முழுக்கப் புள்ளிகள். பச்சை, சிவப்பு, சாம்பல். மென்பொருளை ஓட்டினேன். பாதி போயிற்று. இன்னும் கூட்டினேன். கன்னம் கழுவி விட்டது போல ஆனது. பொறித் தழும்புகளும் கூடவே போயின. அந்த அளவில் பார்க்கும்போது தழும்பும் நாய்ஸும் ஏறக்குறைய ஒரே பருமன். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

எனக்கு ஒன்றல்ல. இதைத்தான் நான் சொல்லியாக வேண்டும். தெரியாமல் நடந்தது அல்ல இது. தழும்புகள் மறைவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஒரு கணம் கை நின்றது. பிறகு, 'வயது குறைந்து தெரிகிறார், அந்த அம்மாளுக்குப் பிடிக்கும்' என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாளை நான் அதுவரை பார்த்ததுகூட இல்லை. உண்மையில் நினைத்தது குழுவின் ஆண்டுக் கண்காட்சியை. பன்னிரண்டாயிரத்து எண்ணூறில் எடுத்து ஒரு புள்ளி இல்லாமல் காட்டினால் அந்த நடுவர் என்ன சொல்வார் என்பதை.

அச்சுப் போட சேலத்தில் ஒரு கடைக்குப் போனேன். மூலப்படம், சுத்தம் செய்த படம் இரண்டையுமே கொண்டுபோயிருந்தேன். அச்சுப் போடுகிறவர் நிதானமானவர். பெரிய தாளில் போடுவதற்கு முன் இரண்டிலிருந்தும் நாலு அங்குல அகலத்தில் ஒவ்வொரு துண்டு சோதனைக்காக அச்சிட்டுக் காட்டினார். முகத்தின் வலது பாதி மட்டும். ஒரு கண், கன்னம், காது, கழுத்து.

"சார், நீங்க ஸ்க்ரீன்ல ரொம்பப் பெருசாக்கிப் பாக்கறீங்க. அதுலதான் இந்தப் புள்ளி இவ்வளவு தெரியுது. பேப்பர்ல வந்துட்டா அடங்கிரும். பாருங்க, கையில வெச்சுப் பாத்தா உறுத்துதா? எனக்கென்னமோ இதுதான் ஆள் மாதிரி இருக்கு. அது பொம்மை மாதிரி இருக்கு."

அவர் சொன்னது சரி. சுத்தம் செய்யாத துண்டைக் கையில் பிடித்துப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது. இருந்தும், "கண்காட்சிக்குப் போற படம் தம்பி. சுத்தமானதையே போடுங்க" என்றேன். அவர் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மற்ற முப்பத்தொன்பது படங்களையும் மூலத்தையும் அழித்தேன். நல்லது ஒன்று கிடைத்துவிட்டால் மிச்சத்தை வைத்திருக்கக் கூடாது என்பது என் வழக்கம். அதில் ஒரு பெருமையும் உண்டு எனக்கு.

கண்காட்சியில் அந்த நடுவர் படத்தின் அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். கீழே எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். "நம்பவே முடியல சார். துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அன்று திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. உலகமே எனக்குச் சாதகமாக இருப்பதாகத் தோன்றியது.

மேஸ்திரிக்கும் ஒரு படம் போட்டுக் கொடுத்தேன். டீக்கடையில் உறையைப் பிரித்துக் கைநீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"யாருங்க இந்தப் புது மாப்பிள்ளை?"

"நீங்கதான்."

"அப்பிடீங்களா. இப்பிடி இருந்தா நான் எதுக்குங்க வெல்டிங் பண்றேன், சினிமாவுக்குப் போயிருக்கலாமே" என்று சிரித்துவிட்டு எடுத்துப் போனார். மறுநாள், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று நான்தான் கேட்டேன். டீயை ஆற்றியபடியே சொன்னார். "கண்ணு நல்லா விழுந்திருக்குதுன்னா." வேறென்ன என்றேன். "அவ்வளவுதானுங்க" என்றார். அந்த 'அவ்வளவுதானுங்க' எனக்கு அன்றைக்குக் காதில் விழவில்லை. இப்போது விழுகிறது.

ஐப்பசி மழையில் ஒருநாள், பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். வீட்டு முன் பந்தல் போட்டிருந்தார்கள். நடுவே நாற்காலியில் மாலை போட்ட படம். நான் எடுத்தது அல்ல. ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். கட்டம் கட்டமாக உடைந்த முகம், பாதி மூடிய கண்கள். என் படத்தைத் தேடினேன். உள்ளே பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உறையோடு செருகியிருந்தது.

அவருடைய மனைவியை அன்றுதான் முதலில் பார்த்தேன். கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கிற வேலை அவருக்கு. மேஸ்திரி சொல்லியிருக்கிறார், மயிரிழைக் கீறல் விழுந்த முட்டையை ஓடுகிற ஓட்டத்தில் கண்டுபிடித்து ஒதுக்கி வைப்பாள் என்று. என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். நானாகவே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான் எடுத்த படத்தை வைக்கலையாம்மா?"

கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனைச்சுக்காதீங்க. மககூட அதைத்தான் வெக்கலாம்னா. எனக்குத்தான் மனசு ஒப்பலீங்க. கண்ணு அவருதுதான். மூஞ்சி அவருது இல்லீங்க. இங்கெல்லாம் புள்ளி புள்ளியா இருக்குமுங்களே," தன் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார், "அதெல்லாம் எங்கீங்க போச்சு?"

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். பட்டறைக்காரர்கள் இருந்தார்கள். நான் சொன்னேன்: "அது கேமராவுல விழாதும்மா. இருட்டுல எடுத்தது. வெளிச்சம் பத்தலைன்னா அந்த மாதிரி சின்னதெல்லாம் பதிவாகாது."

இயற்பியல் வாத்தியாரின் குரலில் சொன்னேன். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை.

அவர் தலையை ஆட்டினார். "படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா. நாந்தான் என்னமோன்னு நெனைச்சுட்டேன்." பிறகு, "நாப்பது படம் புடிச்சீங்கன்னு சொன்னாரு. அதுல வேற ஏதாச்சும் இருந்தாக் குடுங்க சாமி" என்றார்.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பார்க்க எதுவும் இல்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். அச்சுக் கடையிலும் வேலை முடிந்ததும் கோப்புகளை அழித்துவிடுவார்கள். இருந்தாலும் மறுநாள் மெமரி கார்டை எடுத்துக்கொண்டு, அழிந்ததை மீட்டுத் தருகிற ஒருவரிடம் போனேன். அந்தக் கார்டில் அதற்குப் பிறகு எவ்வளவோ எடுத்திருந்தேன். அவர் மீட்டுக் கொடுத்தவற்றில் ஆத்தூர் நெல் மண்டி இருந்தது. பேரன் பிறந்தநாள் இருந்தது. யாருக்கும் வேண்டாத ஒரு கொக்கு, பதினேழு படங்களில் இருந்தது. மேஸ்திரி இல்லை.

நடக்கும் பாதையை மாற்றிக்கொண்டேன். டீயை வீட்டிலேயே குடித்தேன். என் மனைவி கேட்டதற்குக் கடைக்காரர் சர்க்கரை அதிகம் போடுகிறார் என்றேன். அதுவும் பொய்தான். ஒன்று சொன்ன பிறகு அடுத்தது சுலபமாக வருகிறது.

தை மாதம் புத்தக அலமாரியை ஒழுங்கு செய்தபோது, சேலத்துக் கடையின் பழைய உறை ஒன்று கிடைத்தது. படம் மடங்காமல் இருக்க அட்டை வைத்துக் கொடுப்பார்கள். அட்டையோடு ஒட்டிக்கொண்டு நாலு அங்குலத் துண்டு ஒன்று இருந்தது. சுத்தம் செய்யாதது. ஒரு கண், கன்னம், காது, கழுத்து. கன்னம் முழுக்கப் புள்ளிகள். அந்த அச்சுக்காரர் கேட்காமலே வைத்து அனுப்பியிருக்கிறார்.

உடனே எடுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அதைக் கொடுத்தால் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடுமே என்பதுதான் முதலில் தோன்றியது. ஆறு வாரம் அது என் மேசை இழுப்பறையில் கிடந்தது. இரண்டு முறை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன், எது தழும்பு எது நாய்ஸ் என்று. எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் போனேன். மேஸ்திரியின் மனைவி வாசலில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாத்தியாருங்களே. ரொம்ப நாளா இந்தப் பக்கமே காணமுன்னு டீக்கடையில சொன்னாங்க. ஒடம்புக்கு ஏதாச்சும்ங்களா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லம்மா." நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயமாக இருந்தது. "அன்னிக்கு நான் சொன்னது பொய். புள்ளியெல்லாம் கேமராவுல விழுந்துச்சு. நாந்தான் அழிச்சேன்."

அவர் கை நின்றது. "ஏனுங்க?"

"படம் சுத்தமா இருக்கணும்னு."

"அவரு அழுக்காவா இருந்தாரு?"

துண்டை எடுத்து நீட்டினேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிறகு சுண்டுவிரல் நகத்தை ஒவ்வொரு புள்ளியாக, தாளில் படாமல், நகர்த்திக்கொண்டு போனார்.

"இது அவருது. இதும் அவருது. இது இல்லை. இது இல்லை. இது உங்க மிசினோடது. இது," காதுமடலுக்குக் கீழே ஓர் இடத்தில் நகம் நின்றது, "மக வயித்துல இருக்கும்போது பட்டது. புண்ணு ஆறாம மஞ்சளப் பத்துப் போட்டேன். இது ஆயுதபூசைக்கு மொத நாளு, வண்டிய முடிச்சுக் குடுக்கோணும்னு ராத்திரியும் பகலுமா நின்னப்ப." மறுபடியும் நகர்ந்தது. "இது இல்லை. இது அவருது."

நான் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த மென்பொருளும் பிரிக்காததை அவர் பிரித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாயிரத்து எண்ணூறின் மணல் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. முட்டைகளுக்கு நடுவே கீறலைப் பார்க்கிற கண்.

முடித்துவிட்டு நிமிர்ந்தார். "மீதி மூஞ்சி?"

"இல்லம்மா. இவ்வளவுதான் இருக்கு. மத்ததையும் அழிச்சுட்டேன்."

"நாப்பதுமா?"

"நாப்பதும்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அந்த ஒரு கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான என் உற்சாகக் குரலில் சொன்னேன். "ஒரு நாள் குடுங்கம்மா. இதை ஸ்கேன் பண்ணிப் பெருசாப் போட்டு, பிரேம் மாட்டி நானே கொண்டாந்து தரேன்."

அவர் துண்டை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாஞ் சாமி. உங்ககிட்டக் குடுத்தா மறுபடியும் தொடச்சுப் போடுவீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கீறல் முட்டையைத் தனியே எடுத்து வைப்பது போலத்தான் சொன்னார். எழுந்து உள்ளே போனார். சுவரில் மாட்டியிருந்த ஆதார் படத்தை இறக்கி, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே அந்தத் துண்டைச் செருகினார். மூடிய இரண்டு கண்களுக்குப் பக்கத்தில் திறந்த ஒரு கண். படத்தை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, அது நேராக இருக்கிறதா என்று பின்னால் நகர்ந்து பார்த்தார். கோணலாகத்தான் இருந்தது. என்னைச் சரிசெய்யச் சொல்லவில்லை.